எட்டயபுரத்துப் பெட்டி

சென்ற நவராத்திரியில் ஒரு நாள் மாலை மதுரை மீனாக்ஷி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். கூட்டத்தின் நெருக்கடிக்கு அஞ்சி ஆடி வீதியில் ஓரமாக ஒதுங்கி நின்றபோது, பக்கத்து மேடையில் சிறுவர் சிறுமியர் பத்துப் பன்னிரண்டு பேர் பிடில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வர்ணம் ஆயிற்று. ஒரு பிள்ளையார் கீர்த்தனம் ஆயிற்று. அப்புறம் திடீரென்று வேறொரு சப்தம் கிளம்பியது. கமகம் என்பதே இல்லாமல், கட்டை கட்டையாக, துள்ளுநடையில் ஒரு மெட்டு. கலியாண ஊர்வலத்தில் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பார்களே, அந்த ரகம்.

நமக்கு அருகில் நின்ற பெரியவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "பார்த்தீர்களா ஐயா, இந்த அநியாயத்தை! வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் எத்தனை வருஷமாகிறது! அம்பாள் சந்நிதியில் அவன் மெட்டு இன்னும் போகவில்லையே!" என்றார்.

"பெரியவரே, இது முத்துஸ்வாமி தீக்ஷிதர் செய்த பாட்டு, இந்த அம்பாள் பேரிலேயே செய்தது" என்று நாம் சொன்னோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். 'இவனும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவன் போலிருக்கிறது' என்று எண்ணிக்கொண்டாரோ என்னவோ, மறுமொழி சொல்லாமல் பிரசாதக் கடைப் பக்கம் போய்விட்டார்.

அவர் கோபித்துக்கொண்டதிலும் பாதி நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'வந்தே மீனாக்ஷி' என்று தொடங்கும் அந்தச் சிறு பாட்டின் மெட்டு நம் நாட்டுச் சரக்கு அல்லவே அல்ல. அயர்லாந்து தேசத்திலே கார்க் ஜில்லாவில் மால்லோ என்று ஓர் ஊர் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வூர் நீரூற்றில் ஸ்நானம் செய்து உடம்பைத் தேற்றிக்கொள்ளுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்து, குடியும் கும்மாளமுமாகப் பொழுதைக் கழித்த பணக்கார வாலிபர்களைப் பற்றி ஒரு பாட்டு எழுந்தது. 'மால்லோப் போக்கிரிகள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். அந்த மெட்டைக் கட்டியவன் இன்னான் என்பது இன்றுவரை தெரியாது. அப்படிப்பட்ட மெட்டு பட்டாள பாண்டோடு கப்பலேறிச் சென்னைக் கோட்டைக்கு வந்தது. தீக்ஷிதர் காதில் விழுந்தது. போக்கிரிகளை இறக்கிவிட்டு மீனாக்ஷியை ஏற்றி வைத்துவிட்டார்! இப்படி ஒரு புனிதமான மதமாற்றம் வேறு எந்த மெட்டுக்காவது நேர்ந்திருக்குமா என்று நமக்குத் தெரியவில்லை.

ஒன்று சொல்லத் தவறிவிட்டோம். வேறொரு மெட்டுக்கும் நேர்ந்தது. ஆங்கில அரசரைக் கடவுள் காக்க வேண்டும் என்ற கீதத்தை நம் பெற்றோரும் பாட்டனாரும் பள்ளிக்கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பாடினார்கள் அல்லவா? 1745-ஆம் வருஷம் லண்டன் நாடக மேடையில் முழங்கிய அந்தக் கீதத்தை முதன்முதல் இயற்றியவர் யார் என்பதிலும் இங்கிலீஷ்காரர்களுக்கே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. அதே மெட்டில் தீக்ஷிதர் 'ஸந்ததம் பாஹி மாம்' என்று ஸங்கீத சியாமளையைப் பாடியிருக்கிறார். சியாமளை என்பவள் மாதங்கி. கையில் வீணை ஏந்தியவள். மதுரையம்பதியின் மீனாக்ஷியை அவளாகவே பாவிப்பது மரபு. ஆக, அரசனுடைய கீதத்திலிருந்தே அரசனை இறக்கிவிட்டு மதுரைக்கு அரசியை உட்கார்த்திய காரியத்தைத் தீக்ஷிதர், காங்கிரஸ் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்து முடித்தார். அவர் மனத்தில் ராஜீய நோக்கம் ஏதும் இருந்ததென்று நாம் சாதிக்க வரவில்லை. இருந்தாலும் நினைத்துப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இவ்விதமாக அவர் செய்த சிறு பாட்டுக்கள் சுமார் நாற்பது உண்டு. 'நோட்டு' என்ற ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து 'நோட்டு ஸ்வர ஸாஹித்யம்' என்று அவற்றுக்குப் பெயர். சென்னைக்கு அருகிலுள்ள மணலியில், முதலியார் ஜமீன் குடும்பத்தின் ஆதரவில் தீக்ஷிதர் வீட்டார் வசித்த காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பாண்டு கேட்ட அனுபவத்தில் விளைந்தவை அவை. அதே மணலி வாசத்தில்தான் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் வெள்ளைக்காரரிடம் பிடில் கற்றுக்கொண்டு, அதை நம் ஸங்கீதத்துக்கு இசையும்படி வாசிக்கத் தொடங்கினார். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? ஆடி வீதியில் குழந்தைகள் பிடிலிலே அந்தப் பாட்டை வாசித்ததில் இவ்வளவு பொருத்தம் இருந்தது. பெரியவர் சற்றுப் பொறுமையாக நின்றிருந்தால் சொல்லியிருப்போம்.

ஆனால் நாம் இந்த வாரம் சொல்ல வந்தது மெட்டுக்களின் ஜாதகம் அன்று. அந்தப் பாட்டுக்களும், அவற்றைப் போல நூறு மடங்கு பெருமையுள்ள கீர்த்தனங்களும் மறைந்தே போகும் தறுவாயில் இருந்து, எப்படியோ தப்பி வந்த கதையைத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கதை நடந்த இடம் மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டையைத் தாண்டிக் கரிசல் காட்டின் நடுவே இருக்கும் எட்டயபுரம்.

எட்டயபுரம் என்றால் தேசபக்தர்களுக்கு இரண்டு ஞாபகங்கள் வரும். ஒன்று பாரதியார் பிறந்த ஊர் என்பது. மற்றொன்று, 1799-ஆம் வருஷம் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டியக் கட்டபொம்மனுக்கு எதிராகக் கம்பெனியாருடன் நின்ற பாளையம் என்பது. இரண்டாவதை நாம் மறக்கவும் இல்லை, மன்னிக்கும் அதிகாரமும் நமக்கு இல்லை. ஆயினும் ஸங்கீத விஷயத்தில் அந்த அரண்மனைக்குத் தமிழ்நாடு பட்டிருக்கும் கடன் பெரிது. கெட்டதற்கு ஒரு கணக்கும் நல்லதற்கு ஒரு கணக்கும் தனித்தனியே எழுதி வைப்பதுதான் நேர்மை.

தீக்ஷிதர் திருவாரூரில் பிறந்தவர். காசிக்குப் போய்ச் சிதம்பரநாத யோகி என்ற மகானுடன் சில வருஷங்கள் இருந்தார். வடநாட்டு ஸங்கீதத்தைக் கேட்டார், வீணையில் தேர்ந்தார், திரும்பி வந்து காஞ்சி, திருவாரூர், தஞ்சை என்று க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகப் பாடிக்கொண்டு போனார். அவருக்குச் சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி என்று தம்பிமார் இருவர். சின்னஸ்வாமிக்குக் கண்பார்வை கெட்டது. சகோதரர் இருவருமாகத் தெற்கே வந்தார்கள். மதுரையில் சின்னஸ்வாமி காலமானார். துக்கம் தாங்காமல் அலைந்த பாலுஸ்வாமியை எட்டயபுரத்து ராஜா அழைத்து வைத்துக்கொண்டார். செய்தி கேட்ட தமையனார் புறப்பட்டு மதுரைக்கு வந்தார். தம்பி இறந்த ஊரிலே, மீனாக்ஷியின் சந்நிதியில் நின்று பாடினார். வராளியில் 'மாமவ மீனாக்ஷி' அவர் மதுரை அம்பிகையைப் பாடியவற்றில் ஒன்று. அதை விளம்ப காலத்தில் யாரேனும் பொறுப்புடன் பாடக் கேட்டவர்கள், இதைப் பாடியவர் கையில் பெருமை தவிர வேறு ஏதோ ஒன்றும் இருந்தது என்று உணர்ந்திருப்பார்கள்.

பிறகு எட்டயபுரம் போய்த் தம்பியைக் கண்டார். போகும் வழியில் வறண்டு வெடித்துக் கிடந்த கரிசல் மண்ணைப் பார்த்து மனம் இளகி, அமிருதவர்ஷிணி ராகத்தில் 'ஆனந்தாமிருதாகர்ஷிணி' பாட, மழை கொட்டிற்று என்று சொல்லுகிறார்கள். நாம் அந்த வழியாகப் பல தடவை போயிருக்கிறோம். அந்த மண்ணைப் பார்த்தால் யாருக்கும் மழை வேண்டிப் பாடத் தோன்றும். மழை பெய்ததா இல்லையா என்ற வழக்கை நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். 1835-ஆம் வருஷம் தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்திலேயே தீக்ஷிதர் சித்தி அடைந்தார். அந்திம வேளையில் சிஷ்யர்கள் பாடியது 'மீனாக்ஷி மே முதம்' என்ற மதுரைக் கீர்த்தனம் என்பது பரம்பரையாக வரும் செய்தி. அட்டக்குளத்துக் கரையில் அவருடைய சமாதி இருக்கிறது.

அதற்கு மேல் என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம்.

தியாகராஜ ஸ்வாமிகளுக்குச் சிஷ்ய கோடிகள் பலர் இருந்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள், எழுதி வைத்தார்கள், அவர்களுக்குச் சிஷ்யர்கள் பல்கினார்கள். தீக்ஷிதருக்கு வாய்த்த சிஷ்யர்கள் வேறு விதம். தஞ்சை நால்வரான பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் நாட்டிய ஆசிரியர்கள். திருவாரூர்க் கோயிலில் மிருதங்கம் வாசித்த தம்பியப்பன் ஒருவர். திருவாரூர்க் கமலம் என்ற ஆடல் நங்கை ஒருவர். நாகஸ்வரக்காரர் சிலர். கீர்த்தனங்கள் இவர்கள் வீடுகளில் சொத்துப்போல் இருந்தன. சொத்தைப்போலவே பூட்டியும் வைக்கப்பட்டன. அதோடு அந்த உருப்படிகள் லேசில் வசப்படுபவை அல்ல. ஸம்ஸ்கிருத ஸாஹித்யம், நீண்ட சௌக்க நடை, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அசைவும் வளைவும். மூன்று நாளில் பாடம் பண்ணி நாலாம் நாள் மேடையேற நினைப்பவர்களுக்கு அவை உதவா.

எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைமை விசித்திரமாக இருந்தது. 'வாதாபி கணபதிம்' தெரியாத பாடகர் இல்லை. அதற்கு அப்பால் அவர் செய்த கீர்த்தனங்களில் பெரும்பகுதியைக் கேட்டவரும் சிலரே. பாரதியாரே தம் ஸங்கீதக் கட்டுரையில், எந்த ஊருக்குப் போனாலும் எந்த வித்வான் வந்தாலும் 'வாதாபி'யில் ஆரம்பித்து அதே ஏழெட்டுப் பாட்டுத்தானா என்று அலுத்துக்கொண்டிருக்கிறார். எட்டயபுரத்துக்காரருக்கு, தம் ஊரில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்ததால் அலுப்பு இன்னும் அதிகமாயிருக்கும்.

மேல் நாட்டிலும் இப்படி நேர்வது உண்டு. ஜெர்மனியில் பாக் என்ற மகா ஸங்கீதக்காரர் 1750-ல் இறந்தார். நிபுணர் சிலரைத் தவிர மற்றவர்கள் அவரை மறந்தார்கள். 1829-ஆம் வருஷம் மெண்டல்ஸன் என்ற இருபது வயது வாலிபர், பாக்கின் மிகப் பெரிய உருப்படி ஒன்றைப் பெர்லின் நகரில் அரங்கேற்றி உலகத்தின் கண்ணைத் திறந்தார். அப்போது நம் தீக்ஷிதர் உயிரோடிருந்தார் என்பதை நினைவில் வைக்கலாம். ஆனால் மெண்டல்ஸனுக்கு இருந்த சௌகரியம் நமக்கு இல்லை. பாக் ஒவ்வொரு ஸ்வரத்தையும் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். காகிதம் இருந்தால் பாட்டும் இருக்கும். நம் நாட்டிலோ ஓலையிலும் நோட்டுப் புத்தகத்திலும் இருந்தது ஸாஹித்யம் மட்டும். மிஞ்சிப் போனால் ஸ்வர எழுத்து. ஸ்வரத்துக்கு ஸ்வரம் இடையில் நிகழும் அசைவுதானே ராகம்? அது தொண்டையில் இருந்தது. தொண்டைக்கு ஆயுள் அறுபது, எழுபது வருஷம்.

இந்த இடத்தில் வந்து சேருகிறார் சின்னஸ்வாமி முதலியார். இவர் தீக்ஷிதரின் தம்பி அல்லர். சென்னைச் செக்ரடேரியட்டில் சூப்பரிண்டெண்டாக இருந்த ஏ. எம். சின்னஸ்வாமி முதலியார், எம்.ஏ. மதத்தால் கிறிஸ்தவர். மேல் நாட்டு ஸங்கீத எழுத்து முறையில் கைதேர்ந்தவர். நம் கீர்த்தனங்கள் எல்லாவற்றையும் அந்த எழுத்தில் அச்சிட்டுவிட்டால் அழியா என்ற எண்ணத்துடன், 1892-ஆம் வருஷத்தை ஒட்டித் தம் கைப்பணத்தைக் கொட்டித் தியாகராஜ கீர்த்தனங்களைப் பிரசுரிக்கத் தொடங்கினார். அடுத்தபடியாகத் தீக்ஷிதரைத் தேடினார். தேடிப் போன இடத்தில் சுப்பராம தீக்ஷிதர் இருந்தார்.

சுப்பராம தீக்ஷிதர் பாலுஸ்வாமியின் மகள் வயிற்றுப் பேரர். அவருக்கே ஸ்வீகாரமாகி, அவரிடமே பயின்று, எட்டயபுரம் ஸமஸ்தான வித்வானாக அமர்ந்தவர். குடும்பத்தின் ஏடுகளும், வேங்கடமகி பரம்பரையின் லக்ஷண கீதங்களும், பெரிய தீக்ஷிதரின் கீர்த்தனங்களும் அவர் வசம் இருந்தன. அவற்றை விட முக்கியம், எப்படிப் பாட வேண்டும் என்பது அவர் கையிலும் தொண்டையிலும் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து ஊருக்குக் காட்டிவிட அவருக்கு எளிதில் மனம் வரவில்லை. இதற்காக அவரைக் குறை கூறுவது சுலபம். நம் அபிப்பிராயம் வேறு. பாட்டன் சொத்தை அச்சுக்காரர் கையிலே கொடுத்தால், ராகம் தெரியாதவர்கள் கையில் அது என்ன பாடுபடும் என்று பயந்தவர் அவர். அந்தப் பயம் வீண் பயம் அன்று என்பதை இன்றைய கச்சேரிகள் சில நிரூபிக்கின்றன.

முதலியார் விடவில்லை. கண்பார்வை மங்கிக்கொண்டிருந்த நிலைமையிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், எட்டயபுரத்து ராஜாவிடமே முறையிட்டார். ராஜா கட்டளையிட்டார், வித்வான் இசைந்தார். எட்டயபுரத்தில் வித்யா விலாஸினி என்ற அச்சுக்கூடத்தில் வேலை தொடங்கிற்று. கரிசல் காட்டு ஊர் ஒன்றிலே, யாரும் அதுவரை வார்த்திராத அடையாளங்களுக்கு அச்சு எழுத்து வேண்டியிருந்தது. கம்பிதத்துக்கு நெளிகோடு, நொக்கு, ரவை, கண்டிப்பு, வலி, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒதுக்கல், ஓரிகை என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஸ்வரத்தின் தலைக்கு மேல் ஒரு குறி. மேல் நாட்டு எழுத்து முறையை அறிந்த முதலியாருடைய யோசனையும், வீணையில் விரல் பழகிய தீக்ஷிதருடைய அனுபவமும் சேர்ந்து பிறந்த ஏற்பாடு அது. தொண்டையில் இருந்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவர நம் நாட்டில் செய்த முயற்சிகளில் இவ்வளவு நுட்பமானது வேறு ஒன்று இல்லை என்றே சொல்லுவோம்.

1904-ஆம் வருஷம் 'ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. இரண்டு பாகம், சுமார் 1,700 பக்கம். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கீர்த்தனங்கள் மட்டும் 229. எல்லாம் ஸ்வரத்தோடும் கமகக் குறியோடும். இன்னும் கீதம், தானம், பிரபந்தம், வர்ணம். வித்வான்களின் சரித்திரங்கள் எழுபதுக்கு மேல். இரண்டு வருஷத்துக்குப் பிறகு 1906-ல் சுப்பராம தீக்ஷிதர் காலமானார். பாரதியார் இரங்கல் பாடல் பாடினார். எழுபது வருஷமாகப் பூட்டியிருந்த பெட்டியைத் திறக்க இன்னும் இரண்டே வருஷம் தாமதமாகியிருந்தால்? நினைக்கவே மனம் நடுங்குகிறது.

பெட்டி திறந்ததே தவிர, தமிழ் வீடுகளுக்கு உடனே பயன்படவில்லை. புஸ்தகம் தெலுங்கு எழுத்தில் இருந்தது. அக்காலத்து ஸங்கீதக்காரர்களுக்குத் தெலுங்கு லிபி கை வந்ததுதான். ஆனால் வீட்டில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்? திருநெல்வேலி ஜில்லாவில் அச்சான நூலைத் திருநெல்வேலிக்காரர் படிக்க முடியாது என்ற வேடிக்கை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. சென்னை மியூஸிக் அகாடமியார் 1961 முதல் 1983 வரை ஐந்து பாகங்களாகத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது. இருபத்திரண்டு வருஷம் ஆயிற்றே என்று யாரும் கேலி செய்ய வேண்டாம். அந்த நெளிகோடுகளையும் கொக்கிகளையும் பிழையில்லாமல் அச்சுக் கோத்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். இப்போது இணையத்திலேயே முழுவதும் படிக்கக் கிடைக்கிறது.

புஸ்தகம் ஒன்றினாலேயே எல்லாம் நடந்துவிட்டது என்றும் எண்ணக் கூடாது. சுப்பராமரின் குமாரர் அம்பி தீக்ஷிதர் எட்டயபுரத்திலிருந்து சென்னைக்கு வந்து பாடம் சொன்னார். பின்னால் சுப்ரீம் கோர்ட் நீதிபதியான டி. எல். வேங்கடராமய்யர் அவரிடம் கற்றார்; இளம் பெண்ணாக இருந்த டி. கே. பட்டம்மாளும் கற்றார். பட்டம்மாள் நிதானமாகப் பாடிய தீக்ஷிதர் உருப்படிகளைக் கேட்டபிறகுதான் ரஸிகர்கள் 'இவ்வளவு இருக்கிறதா!' என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மற்றொரு கிளை: மிருதங்கம் தம்பியப்பரிடம் பாடம் கேட்டவர் சாத்தனூர்ப் பஞ்சநதய்யர், அவரிடம் பாடம் கேட்டவர் வீணை தனம்மாள். கோயிலில் மத்தளம் கொட்டியவர்களும் ஆடிய பெண்களும் இந்தச் செல்வத்தைக் காத்தார்கள். அவர்களைச் சமூகம் நடத்திய விதத்தை எண்ணும்போது, நாம் தலை குனிந்துதான் இந்த வாக்கியத்தை எழுத வேண்டியிருக்கிறது.

இனி ஒரு கசப்பான விஷயம். புஸ்தகத்தில் 229 இருக்க, இன்று தீக்ஷிதர் பெயரில் வழங்குபவை நானூற்றுக்கும் மேல். மிச்சம் எங்கிருந்து வந்தன? கல்லிடைக்குறிச்சி சுந்தரமய்யர் பல வருஷம் பாடுபட்டுச் சிஷ்ய பரம்பரைகளிலிருந்து சேகரித்துப் பிரசுரித்தவை பல. அவற்றில் மூலத்துக்கு நிகரான அழகு உடையவை உண்டு. ஸந்தேகத்துக்கு இடம் தருபவையும் உண்டு. நவக்கிரக கீர்த்தனங்களையே எடுத்துக்கொள்ளுவோம். சூரியன் முதல் சனி வரை வாரத்துக்கு ஏழு. இந்த ஏழும் சுப்பராமர் புஸ்தகத்தில் உள்ளன. ராகு, கேது கீர்த்தனங்கள் அதில் இல்லை, பின்னால் வந்தவை. வாரத்தில் ராகுவுக்கும் கேதுவுக்கும் கிழமை கிடையாதே, தீக்ஷிதர் வாரக் கீர்த்தனமாக ஏழுதான் பாடினார் என்று ஆராய்ச்சிக்காரர் பலர் வாதிக்கிறார்கள். பரம்பரையில் வந்தது, ஒன்பதும் அவருடையதே என்று மற்றவர்கள் சொல்லுகிறார்கள். நமக்கு முதல் கக்ஷியே நியாயமாகப் படுகிறது. இருந்தாலும் அந்த இரண்டையும் பாடக் கூடாதென்று நாம் சொல்ல மாட்டோம். பாடட்டும், இன்ன புஸ்தகத்தில் வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாடட்டும். மறைந்ததைத் தேடிக் கண்டுபிடிக்கிறோம் என்ற ஆர்வத்தில், இல்லாததையும் கண்டுபிடித்துவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

'மீனாக்ஷி மே முதம்' விஷயத்திலும் ஒரு தகராறு. சுப்பராமர் அதன் ராகத்தைக் கமகக்கிரியா என்கிறார். மேடையில் பெரும்பாலோர் பூர்விகல்யாணி என்று சொல்லிப் பாடுகிறார்கள். பெயர் மட்டும் மாறியிருந்தால் குற்றமில்லை. பிரதர்சினியில் உள்ள பிடிகளை வைத்துக்கொண்டு இன்று பாடுவதைக் கேட்டால், பெயருடன் வேறு சிலவும் கழன்று விழுந்திருப்பது தெரியும்.

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு வழக்கும் நிலுவையில் இருக்கிறது. தஞ்சைச் சியாமா சாஸ்திரிகள் ஒரு சமயம் மதுரைக்கு வந்து, மீனாக்ஷி பேரில் நவரத்தின மாலிகை என்று ஒன்பது கீர்த்தனங்கள் பாடினார். ஆஹிரியில் 'மாயம்மா', ஆனந்தபைரவியில் 'மரி வேரே', சங்கராபரணத்தில் 'ஸரோஜதள நேத்ரி' ஆகியவை அந்த மாலையைச் சேர்ந்தவை. ஒன்பதில் ஏழைத்தான் இன்னது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளுகிறார்கள். மற்ற இரண்டு ரத்தினங்களும் காணாமற் போயின. இது அல்லவா, அது அல்லவா என்று சில கீர்த்தனங்களை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. எதுவும் தீர்மானமாக வாய்க்கவில்லை. சாஸ்திரிகளுக்கு ஒரு சுப்பராம தீக்ஷிதர் அமையாத குறை. கோயில் நகைப் பெட்டியில் இரண்டு கல் குறைந்தால் மதுரையே எழுந்து நின்று கேட்கும். இந்த இரண்டு கல்லைப் பற்றி இருநூறு வருஷமாக யாரும் போலீஸில் எழுதி வைக்கவில்லை.

அந்தக் காரணம் பற்றியே, நவராத்திரி முடிந்த மறுவாரம் அருப்புக்கோட்டைச் சாலையில் ஒரு சிறு ஊருக்குப் போய் வந்தோம். அங்கே ஒரு வீட்டில், பாட்டியின் பாட்டனார் காலத்து ஸங்கீத நோட்டுப் புத்தகங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். பழைய பேப்பர்க்காரருக்குப் போட எடை போட்டு வைத்திருந்த மூட்டையிலிருந்து, வீட்டு அம்மாள் நமக்காகப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். மூன்று புத்தகம். முதலில் ஸரளி வரிசை, ஜண்டை வரிசை. அப்புறம் பால் கணக்கு. அப்புறம் தெலுங்கு எழுத்தில் பதினோரு கீர்த்தனங்கள். ஒன்பது எல்லோரும் அறிந்தவை. ஒன்று பாதியில் நின்றுவிட்டது. பதினோராவதில் ராகத்தின் பெயர் இருந்த மூலையைக் கரையான் தின்றிருக்கிறது. பல்லவி முழுவதும் படிக்க வருகிறது, அநுபல்லவியில் மசி ஊறியிருக்கிறது.

அது இன்னாருடையது என்று சொல்ல நாம் துணியவில்லை. பெரும்பாலும் யாரோ ஸ்தல வித்வான் செய்ததாகவே இருக்கும். பக்கங்களைப் படம் பிடித்துக்கொண்டு, தெலுங்கு லிபியும் ஸங்கீதமும் சேர்ந்து தெரிந்த ஒரு நண்பருக்குக் காட்டப் போகிறோம்.

"இதுக்கெல்லாம் விலை உண்டுங்களா ஐயா?" என்று அந்த அம்மாள் கேட்டார். பேப்பர்க்காரர் கிலோவுக்கு என்ன தருவதாகச் சொன்னார் என்று விசாரித்தோம். தொகையைச் சொன்னார். அதைக் கொடுத்து, புத்தகத்தையும் அவரிடமே கொடுத்து, ஒரு பழைய தலையணை உறையில் போட்டு பரண்மேல் வைக்கும்படி கேட்டுக்கொண்டோம். பணத்தையும் வாங்கிக்கொண்டு புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுவதா என்று அவருக்கு வெகுநேரம் ஸங்கடமாக இருந்தது. தை மாதம் மறுபடி வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.